மேசை மேல் ஒரு யுத்தம்

சென்ற நோன்புப் பெருநாளுக்கு இங்கிலாந்திலிருந்து சின்ன மாமா வந்திருந்தார். அவருடைய பயணப் பெட்டியில் சொக்லட்டுகளுக்கும் உடுப்புகளுக்கும் அடியில், பஞ்சு வைத்துப் பொதிந்த தட்டையான பெட்டியொன்று இருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே சின்னஞ்சிறு சிப்பாய்கள். ஒவ்வொருவரும் சுண்டுவிரலின் பாதி உயரம்தான். சட்டை, தோள்பட்டி, சப்பாத்து என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நிறம் தீட்டப்பட்டிருந்தது.

"யாருக்கு, சின்னவனுக்கா?" என்று உம்மா கேட்டார்.

"இல்ல ராத்தா, எனக்கு" என்றார் மாமா.

நாற்பது வயதைத் தாண்டியவர் பொம்மை வைத்து விளையாடுகிறாரே என்று நாங்கள் எல்லோரும் சிரித்தோம். உம்மம்மா மட்டும் சிரிக்கவில்லை. "யுத்தத்த விளையாடுறதா? நாங்க பட்டது போதாதா?" என்று கேட்டுவிட்டுத் தஸ்பீஹை உருட்டத் தொடங்கினார்.

அந்தக் கேள்விக்கு அன்று யாரும் பதில் சொல்லவில்லை. அதற்குப் பதில் தேடியே இக்கட்டுரையை எழுதுகிறேன். மேசைப் போர் விளையாட்டு என்றால் என்ன, அது எங்கிருந்து வந்தது, அதை விளையாடுவோர் எதைக் கற்கிறார்கள் என்பவற்றை மாமாவிடம் கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டவாறு இங்கே தருகிறேன்.

கழகத்தில் ஒரு மாலை

மாமா லெஸ்டர் நகரில் வசிக்கிறார். வாரத்தில் ஒரு நாள் வேலை முடிந்ததும், அயலிலுள்ள சமூக மண்டபத்தில் கூடும் பொழுதுபோக்குக் கழகத்துக்குப் போவார். ஆசிரியர்கள், பஸ் சாரதிகள், ஓய்வுபெற்றவர்கள், பல்கலைக்கழக மாணவர்கள் எனப் பலரும் அங்கே வருவார்களாம். ஆறடி நீளமும் நான்கடி அகலமும் கொண்ட மேசைகள் வரிசையாகப் போடப்பட்டிருக்கும். ஒவ்வொரு மேசையும் ஒரு நிலப்பரப்பு. அதில் அட்டையால் செய்த வீடுகள், சிறு குன்றுகள், மரங்கள், நீல நிற ஆறு எல்லாம் இருக்கும். ஒரு மேசையில் ரோமர்களின் போர் நடக்கும். அடுத்த மேசையில் நெப்போலியனின் படை நிற்கும். இன்னொன்றில் யாரும் காணாத கற்பனை உலகம் ஒன்று இருக்கும். இன்று உலகெங்கும் பெயர்பெற்ற 'வார்ஹாமர்' என்னும் கற்பனைப் போர் விளையாட்டு 1983ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதை வெளியிடும் நிறுவனம் லெஸ்டருக்கு அருகிலுள்ள நொட்டிங்ஹாம் நகரிலேயே இருக்கிறது.

விளையாட்டு முறை கேட்பதற்குக் கடினமாக இருந்தாலும் அடிப்படை எளிதானது. ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு புள்ளிப் பெறுமதி உண்டு. இரு பக்கத்தாரும் ஒரே மொத்தப் புள்ளிக்குள் தத்தமது படையை அமைக்க வேண்டும். பலமானவர் சிலரை எடுக்கலாம், அல்லது பலம் குறைந்தவர் பலரை எடுக்கலாம். பிறகு மாறி மாறி ஆட வேண்டும். முதலில் நகர்த்தல், அடுத்துச் சுடுதல், பின்னர் கைகலப்பு, கடைசியாக மனவுறுதிச் சோதனை. நகர்த்தும் தூரம் அளவு நாடாவால் அளக்கப்படும். காலாட்படை ஆறு அங்குலம் போனால் குதிரைப்படை பன்னிரண்டு அங்குலம் போகலாம் என்பது போல விதிகள் இருக்கும். ஒரு சிப்பாய்க்கு எதிரி தெரிகிறானா என்று அறிய, விளையாடுபவர் குனிந்து அந்தச் சிப்பாயின் கண்மட்டத்திலிருந்து பார்ப்பார். இடையில் குன்றோ வீடோ மறைத்தால் சுட முடியாது. குறி தப்புவதும் தப்பாததும் தாயக்கட்டையால் தீர்மானிக்கப்படும்.

"ஒரு மாலைக்குள்ள ஒரு சண்டைதான் முடியும். அந்தப் படைக்கு நிறம் தீட்ட மாதக்கணக்காகும்" என்று மாமா சொன்னார். தோற்றவர் கை கொடுத்துவிட்டு, எந்த இடத்தில் பிழைத்தோம் என்று வென்றவரோடு இருந்து பேசுவாராம். பல நேரங்களில் அந்தப் பேச்சு விளையாட்டைவிடச் சுவையானது என்கிறார் மாமா.

சதுரங்கத்தில் இல்லாத மூன்று

போரை விளையாட்டாக்கியவர்கள் ஐரோப்பியர்கள் மட்டுமல்லர். எமது தமிழ் மண்ணில் ஆடுபுலி ஆட்டம் இருக்கிறது. மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் மோதும் அந்த ஆட்டத்தில் இரு பக்கமும் சமபலம் உடையவை அல்ல. தனியே நிற்கும் ஆடு வெட்டுப்படும். சேர்ந்து நிற்கும் ஆடுகள் புலியை அசையவிடாமல் அடைத்துவிடும். சதுரங்கம் என்ற பெயரே யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையைக் குறிப்பது. இந்தியாவில் தோன்றிய அது பாரசீகம் வழியாக அரபுலகம் சென்று 'ஷத்ரன்ஜ்' ஆனது. பத்தாம் நூற்றாண்டில் பக்தாதின் அப்பாஸிய அரசவையில் புகழ்பெற்றிருந்த அஸ்ஸூலி என்னும் அறிஞர் அதைப் பற்றி நூல் எழுதினார். முஸ்லிம் உலகில் செய்யப்பட்ட சதுரங்கக் காய்கள் பல, உருவச் சிலைகளாக இல்லாமல் வெறும் வடிவங்களாகவே இருந்தன. ஈரானின் நிஷாப்பூரில் கிடைத்த 12ஆம் நூற்றாண்டுக் காய்கள் அப்படிப்பட்டவை. அவை இப்போது நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஆனால் சதுரங்கத்துக்கும் உண்மைப் போருக்கும் இடையில் மூன்று வேறுபாடுகள் உண்டு. சதுரங்கப் பலகை சமதரையானது. உண்மை நிலத்தில் மேடும் சேறும் ஆறும் இருக்கின்றன. சதுரங்கத்தில் காயை வெட்டினால் வெட்டியதுதான். உண்மையில் எதுவும் நிச்சயமில்லை. எல்லாவற்றிலும் பெரியது மூன்றாவது வேறுபாடு. சதுரங்கத்தில் எதிரியின் காய்கள் அனைத்தும் கண்முன் நிற்கின்றன. உண்மைப் போரிலோ எதிரி எங்கே நிற்கிறான் என்பதே தெரியாது.

இம்மூன்றுக்கும் விடை கண்டவர்கள் பிரஷ்ய நாட்டைச் சேர்ந்த ரைஸ்விற்ஸ் என்னும் தந்தையும் மகனும். தந்தை 1812இல் நிலத்துண்டுகளை மாற்றி மாற்றி அடுக்கக்கூடிய ஒரு மேசையைச் செய்து தம் மன்னருக்கு அளித்தார். படை அதிகாரியான மகன் 1824இல் விதிகளைத் திருத்தி நூலாக வெளியிட்டார். அதில் மேசைக்குப் பதிலாக உண்மையான நில வரைபடம் பயன்பட்டது. சிப்பாய் உருவங்கள் இல்லை. சிவப்பும் நீலமுமான சிறு கட்டைகளே படைகள். ஒவ்வொரு சுற்றும் இரண்டு நிமிடத்தைக் குறித்தது. இரு பக்கத்தாருக்கும் நடுவில் ஒரு நடுவர் இருந்தார். ஒவ்வொருவரும் தம் கட்டளையை எழுதி அவரிடம் கொடுப்பர். உண்மைக் களத்தில் ஒரு தளபதிக்கு எவ்வளவு தெரிய வருமோ, அவ்வளவை மட்டும் நடுவர் சொல்வார். இதைப் பார்வையிட்ட தலைமைப் படை அதிகாரி, இது விளையாட்டே அல்ல, போருக்கான பயிற்சி என்று வியந்து, படை முழுவதிலும் பரவச் செய்தார்.

படையினரின் பயிற்சியாக இருந்ததை வீட்டு விளையாட்டாக மாற்றியவர்களில் முக்கியமானவர் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ். அவருடைய 'லிட்டில் வோர்ஸ்' என்ற சிறுநூல் 1913இல் வெளிவந்தது. அதன் நீண்ட தலைப்பு ஆண் பிள்ளைகளை அழைத்துவிட்டு, அவர்களின் விளையாட்டை விரும்பும் புத்திசாலிப் பெண்பிள்ளைகளுக்கும் கடைசியில் ஓர் இடம் தருகிறது. அந்தக் கடைசி இடத்தைப் பார்த்து எனக்குச் சற்றுக் கோபம்தான் வந்தது. என்றாலும் நூலின் முடிவில் அவர் சொல்லும் கருத்து என்னை யோசிக்க வைத்தது. சிறிய போரை விளையாடிப் பார்த்தவருக்கு, பெரிய போர் எவ்வளவு பெரிய மடமை என்பது விளங்கும் என்கிறார் அவர். நூல் வெளிவந்த மறு ஆண்டே முதலாம் உலக மகாயுத்தம் தொடங்கிவிட்டது.

லிவர்பூலின் யுவதிகள்

வெல்ஸ் கடைசியில் இடம் கொடுத்த பெண்பிள்ளைகள் முப்பது ஆண்டுகளுக்குள் முன் வரிசைக்கு வந்தார்கள். இரண்டாம் உலக மகாயுத்தத்தில் பிரித்தானியாவுக்கு உணவும் எரிபொருளும் கொண்டுவந்த கப்பல்களை ஜேர்மனிய நீர்மூழ்கிகள் மூழ்கடித்துக்கொண்டிருந்தன. அவற்றை எதிர்க்கும் வழியைக் கண்டறிய, 1942இன் தொடக்கத்தில் லிவர்பூல் நகரின் டார்பி ஹவுஸ் கட்டடத்தில் ஒரு பிரிவு அமைக்கப்பட்டது. அதற்குத் தலைவர் கில்பேர்ட் ரொபேர்ட்ஸ் என்னும் கடற்படை அதிகாரி. அவருடன் பணியாற்றியவர்கள் மகளிர் கடற்படைப் பிரிவைச் சேர்ந்த யுவதிகள். பெரும்பாலானோர் இருபது வயதை ஒட்டியவர்கள். கணக்கில் திறமை உண்டு. கடலில் போன அனுபவம் இல்லை.

அவர்களுக்குத் தரையே கடல். தரையில் கட்டங்கள் வரைந்து, சிறு கப்பல் மாதிரிகளை வைத்து, அவற்றின் பாதையைச் சுண்ணக்கட்டியால் கீறினார்கள். பயிற்சிக்கு வந்த அதிகாரிகள் துணித்திரைக்குப் பின்னால் நின்று, சிறு துவாரம் வழியாகப் பார்த்தே கட்டளையிட வேண்டும். கடலில் ஒரு கப்பல் தலைவனுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் துவாரத்தில் தெரியும். ஒவ்வொரு முடிவுக்கும் இரண்டு நிமிடம்.

நடந்து முடிந்த தாக்குதல்களைத் தரையில் திரும்பத் திரும்ப ஆடிப் பார்த்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. காவற்கப்பல்கள் எதிரியை வெளியே தேடிக்கொண்டிருந்தன. எதிரியோ இரவில் கப்பல் கூட்டத்துக்கு உள்ளேயே புகுந்து தாக்கிவிட்டு, ஆழத்தில் இறங்கி, கூட்டம் தலைக்கு மேலே கடந்து போகும்வரை காத்திருந்தான். அப்படியானால் அவனைக் கூட்டத்துக்குப் பின்னால்தான் தேட வேண்டும். அந்த உத்திக்கு 'ராஸ்பெரி' என்று பெயரிட்டவர் ஜீன் லெய்ட்லோ என்னும் யுவதி. தாமே முன்னாள் நீர்மூழ்கித் தலைவரான அட்மிரல் மெக்ஸ் ஹோர்ட்டன், ஒருநாள் எதிரியின் இடத்திலிருந்து ஆடி ஐந்து முறையும் தோற்றார் என்று சொல்லப்படுகிறது. அவரைத் தோற்கடித்தவர் ஜெனட் ஓகெல் என்னும் யுவதி. போர் முடிவதற்குள் ஏறக்குறைய 5,000 அதிகாரிகள் அந்தத் தரையில் பயின்றனர்.

பொய்யான நடுவர்

அதே 1942இல் ஜப்பானியரும் மிட்வே தீவைத் தாக்குவதற்கு முன் மேசையில் ஆடிப் பார்த்தனர். விளையாட்டில் அவர்களுடைய விமானந்தாங்கிக் கப்பல்கள் குண்டுபட்டு மூழ்கின. உடனே அட்மிரல் உகாகி தலையிட்டு, பட்ட குண்டுகள் ஒன்பதல்ல, மூன்று மட்டுமே என்று மாற்றினார். மூழ்கிய கப்பல் ஒன்று பிறகு மீண்டும் ஆட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஜூன் மாதத்தில் உண்மைப் போர் நடந்தபோது நான்கு விமானந்தாங்கிகளும் கடலில் மூழ்கின. அவற்றில் அக்காகி, சோர்யு, ஹிர்யு ஆகிய மூன்றும் அதே ஆண்டு ஏப்ரலில் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிய கப்பற்படையில் இருந்தவை.

லிவர்பூலில் மேசை சொன்னதைக் கேட்டார்கள். ஜப்பானில் மேசையைத் தாம் விரும்பியதைச் சொல்ல வைத்தார்கள். பரீட்சை வினாத்தாளை விடையை ஒளித்துப் பார்த்துச் செய்துவிட்டு, நமக்கு நாமே முழுப் புள்ளி போட்டுக்கொள்வதும் இப்படித்தான்.

எங்கள் வீட்டில் மன்னார்

இவற்றையெல்லாம் கேட்ட பிறகு தம்பிக்கும் எனக்கும் விளையாடிப் பார்க்க ஆசை வந்தது. வாப்பா நிபந்தனைகள் விதித்தார். பந்தயம் கூடாது. பாங்கு சொன்னால் நிறுத்த வேண்டும். உருவங்கள் வேண்டாம். தாயக்கட்டையும் வேண்டாம். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், சூதும் தொழுகை தவறுதலும் சேராத சதுரங்கம் மக்ரூஹ் என்பதே பரவலான கருத்து. தாயக்கட்டை ஆட்டத்தையோ ஹதீஸ் கண்டித்திருக்கிறது. தாயக்கட்டை இல்லாமல் எப்படி என்று நான் யோசித்தேன். மாமாவிடம் அதற்கும் விடை இருந்தது. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்னும் பிரஷ்ய அதிகாரி தாயக்கட்டையையும் அட்டவணைகளையும் நீக்கிவிட்டு, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்று ஒரு முறையை வகுத்திருந்தார். எங்கள் நடுவர் வாப்பா. கடற்றொழிலில் முடி நரைத்தவர்.

பழைய கதவுப் பலகையொன்றில் கடற்கரை மணலைப் பரப்பி மன்னார்த் தீவை அமைத்தோம். சுற்றிலும் நீலச் சீத்தைத் துணி. பனையோலைத் துண்டுகள் மரங்கள். தீவின் கிழக்கு முனையில் தீப்பெட்டிகளால் கோட்டை. போர்த்துக்கேயர் 1560இல் கட்டிய அந்தக் கோட்டையை 1658 பெப்ரவரியில் ஒல்லாந்தர் கைப்பற்றினர். தளபதி வான் கூன்ஸ் தூத்துக்குடியைப் பிடித்தபின் இங்கு வந்தார். இங்கிருந்தே யாழ்ப்பாணம் போனார். நோன்பு முடிந்த வீட்டில் பேரீச்சங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. கொட்டைகள் ஒல்லாந்தர், சோகிகள் போர்த்துக்கேயர். தம்பி ஒல்லாந்தர், நான் போர்த்துக்கேயர். தம்பி விறாந்தையில், நான் குசினியில். கட்டளையைக் கடதாசியில் எழுதி வாப்பாவிடம் அனுப்ப வேண்டும்.

தம்பி கப்பலை நேரே கரைக்குக் கொண்டுவரச் சொன்னான். "இது ஆழமில்லாத பரவைக் கடல். பெரிய கப்பல் கிட்ட வராது, வள்ளத்தில ஆக்கள இறக்கு. வாடைக் காத்தும் இன்னும் அடங்கல்ல" என்று வாப்பா தீர்ப்புச் சொன்னார். இந்த நிலத்தையும் கடலையும் நான் அன்றுவரை பாடப் புத்தகத்தில்தான் படித்திருந்தேன். நானோ அவன் தென்கரையில்தான் இறங்குவான் என்று முடிவுசெய்து சோகிகளையெல்லாம் அங்கே அனுப்பியிருந்தேன். அவன் வடகரையில் இறங்கினான். "வடக்கே புகை தெரிகிறது" என்ற வாப்பாவின் துண்டு எனக்கு வந்தபோது நேரம் கடந்துவிட்டது. தம்பி எப்படி யோசிப்பான் என்று நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. என் திட்டத்தை அவன் தலைக்குள் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கோட்டை விழுந்ததும் நாங்கள் பலகையைச் சுற்றி நின்று கதைத்துக்கொண்டிருந்தோம். உம்மம்மா கதிரையிலிருந்து எழும்பி வந்து பார்த்தார்.

"கோட்ட இருக்கு. கப்பல் இருக்கு. ஊர் எங்க மகள்? ஆக்கள் எங்க?"

யாரிடமும் பதில் இல்லை. அவர் உள்ளே போய்த் தையற்பெட்டியிலிருந்து ஒரு கை நிறையச் சட்டைப் பொத்தான்களை எடுத்துவந்தார். "இது எருக்கலம்பிட்டி. இது பேசாலை. இது தலைமன்னார்" என்று மணலில் பொத்தான்களைக் குழுகுழுவாக வைத்தார். "சண்டை நடக்கேக்க இவங்க எல்லாம் எங்க போவாங்க?"

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உம்மம்மா வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போனவர். அப்போது உம்மாவுக்குப் பத்து வயது. சின்ன மாமா உம்மம்மாவின் இடுப்பில். மாமா பெட்டியிலிருந்த சிப்பாய்களைக் காட்டிச் சிரித்தபோது உம்மம்மா ஏன் சிரிக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. மாமாவும் அதன்பிறகு நெடுநேரம் பேசவில்லை.

மறுநாள் விதியை மாற்றினோம். ஒவ்வொரு சுற்றிலும் முதலில் பொத்தான்களை நகர்த்த வேண்டும். சண்டை தொட்ட பொத்தான் போய்விடும். முடிவில் கோட்டை யாரிடம் என்பதோடு, எத்தனை பொத்தான்கள் மிஞ்சின என்றும் நடுவர் எண்ணுவார். விளையாட்டு முழுவதுமே மாறிவிட்டது. பேசாலைப் பொத்தான்கள் பாதையைக் கடக்கும்வரை தம்பி இரண்டு சுற்றுத் தன் படையை நிறுத்திவைத்தான். நான் ஓர் ஊரைக் காப்பதா கோட்டையைக் காப்பதா என்று எழுதி எழுதி வெட்டினேன். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போதும் கோட்டை விழவில்லை.

இப்படி யோசித்தவர்கள் நாங்கள் மட்டுமல்லர். முற்றுகையிடப்பட்ட நகரில் அகப்பட்ட சாதாரண மக்களாகவே விளையாடும் 'திஸ் வோர் ஒஃப் மைன்' என்னும் ஆட்டம் போலந்தில் 2014இல் கணினி விளையாட்டாக உருவாகி, பின்னர் மேசை விளையாட்டாகவும் வந்திருக்கிறது. அதில் துப்பாக்கியைவிட உணவும் மருந்தும் குளிரைத் தாங்கும் அடுப்பும் முக்கியம்.

நீங்களும் ஆடலாம்

விலையுயர்ந்த சிப்பாய்கள் தேவையில்லை. ஒரு பலகை, மணல், இரு வகை விதைகள், கடதாசி, அளவு நாடா, நேர்மையான நடுவர் ஒருவர். இவை போதும். வரலாற்றுப் பாடத்தில் படிக்கும் ஒரு போரை எடுத்துக்கொள்ளுங்கள். இரு பக்கத்தாரும் ஒருவர் மற்றவரைக் காணாத இடத்தில் இருங்கள். முடிந்ததும் பக்கம் மாற்றி ஆடுங்கள். எதிரியின் கதிரையில் ஒருமுறை இருந்தால்தான் முதல் ஆட்டத்தில் எங்கே பிழைத்தோம் என்பது தெரியும். பெற்றோர் நடுவராக இருந்தால் பிள்ளைகள் அறியாத பல சங்கதிகள் வெளிவரும். எங்கள் வாப்பா காற்றையும் கடலையும் பற்றி அந்த இரண்டு நாளில் சொன்ன அளவு அதற்குமுன் சொன்னதில்லை.

பொத்தான்களையும் மறக்காமல் வையுங்கள். உம்மம்மாவின் கேள்விக்கு நான் கண்ட பதில் அதுதான். ஆக்களை எடுத்துவிட்டு யுத்தத்தை விளையாடினால் அது பொய்யான நடுவரின் விளையாட்டு. ஆக்களையும் வைத்து விளையாடினால், யுத்தம் என்ன செய்யும் என்பதை ஒரு மாலைக்குள் யாருக்கும் நோகாமல் அறியலாம்.

இரண்டாம் நாள் ஆட்டம் முடிந்து எண்ணியபோது இரண்டு பொத்தான்கள் குறைந்தன. தம்பி மணலை முற்றத்தில் கொட்டப் போனான். உம்மம்மா விடவில்லை. மாச்சல்லடையை எடுத்துவரச் சொல்லி, அந்த மணல் முழுவதையும் தன் கையாலேயே சலித்து, இரண்டையும் கண்டெடுத்துத் தையற்பெட்டியில் போட்ட பிறகுதான் இஷாவுக்கு வுழூ செய்யப் போனார்.